பலூன் நகர்ந்தால் அதை எழுதிக் கொடுங்கள்: கடலூர், புதுச்சேரி இதய மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலூர் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர், புதுச்சேரி சுகாதாரத் துறை இயக்குநர், இந்த இரண்டு ஊர்களிலும் இதய ஐசியூவில் வேலை பார்க்கும் மருத்துவர்கள், செவிலியர்கள், ஆம்புலன்ஸ் டெக்னீஷியன்கள் எல்லாருக்கும் வணக்கம்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். கலெக்டர் ஆபீஸ் பக்கம் என்பதால் காப்பீட்டுக்கு, மாற்றுத்திறனாளி அட்டைக்கு, கோர்ட்டுக்கு என்று ஆஸ்பத்திரி ஃபைல்கள் தினமும் என் கையில் வரும். படிக்கக்கூடாதுதான். ஆனாலும் பக்கம் பக்கமாகக் கண்ணாடியில் கவிழ்க்கும்போது கண்ணில் படாமல் போகாது. ஸ்டென்ட் வைத்தவர்களின் ஃபைலில் ஸ்டென்ட் பெட்டியிலிருந்து உரித்த ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதில் கம்பெனி, நீளம், அகலம், வரிசை எண் எல்லாம் இருக்கும். உடம்புக்குள் தங்கிவிட்ட பொருளுக்கு அவ்வளவு கணக்கு இருக்கிறது. இதயத்துக்குத் துணையாக நாலு நாள் உள்ளே இருந்துவிட்டு வெளியே எடுக்கப்பட்ட பலூன் பம்புக்கு ஒரு வரி கூட இருப்பதில்லை. அந்த ஒரு வரி இல்லாததால் என் அப்பா என்ன பாடுபட்டார் என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

2022 நவம்பர், மழை விட்டுவிட்டுப் பெய்த வாரம். அப்பாவுக்கு அப்போது 56 வயது. முதுநகர் துறைமுகத்தில் ஐஸ் உடைத்து மீன் பெட்டியில் நிரப்பும் வேலை. விடியற்காலை நாலு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை 108-ல் ஏற்றி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று ஒவ்வொரு ஊராகத் தாண்டி, அரியாங்குப்பம் பாலம் வந்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது. புதுச்சேரியில் நாங்கள் போய்ச் சேர்ந்த ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை, பிறகு மாற்றிய ஆஸ்பத்திரியின் பெயரையும் சொல்லப்போவதில்லை. யாரையும் கூண்டில் ஏற்ற இதை எழுதவில்லை. அந்த இரண்டு இடத்தில் இருந்தவர்களும் சேர்ந்துதான் என் அப்பாவை உயிரோடு திருப்பித் தந்தார்கள். அதை நான் ஒருநாளும் மறக்க மாட்டேன்.

இடது பக்கப் பெரிய ரத்தக்குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். வைத்தபிறகும் பிரஷர் ஏறவில்லை, 80-க்கும் கீழேயே நின்றது. அப்போதுதான் டாக்டர் வெளியே வந்து, "பலூன் பம்ப் போடணும்மா, இதயம் களைச்சுப் போயிருக்கு, ரெண்டு மூணு நாள் துணைக்கு ஒண்ணு வேணும்" என்றார். கையெழுத்துப் போட்டேன்.

பலூன் பம்ப் என்றால் என்ன என்று படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நானே பின்னால்தான் தெரிந்துகொண்டேன். தொடை இடுக்கில் இருக்கும் ரத்தக்குழாய் வழியாக ஒரு மெல்லிய குழாயை ஏற்றுகிறார்கள். அதன் நுனியில் ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான நீளத்தில் பலூன் இருக்கும். நெஞ்சிலிருந்து வயிற்றுக்கு இறங்கும் மகாதமனி என்ற பெரிய ரத்தக்குழாய்க்குள் அது போய் உட்கார்ந்துகொள்கிறது. இதயம் தளரும் நேரத்தில் பலூன் உப்பி, ரத்தத்தை இதயத்தின் சொந்தக் குழாய்களுக்குள் தள்ளுகிறது. இதயம் சுருங்கும் நேரத்தில் சட்டென்று சுருங்கி வழிவிடுகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் இப்படி நடக்கவேண்டும் என்பதால் ஹீலியம் வாயு விடுகிறார்கள். லேசான வாயு என்பதால் நொடிக்குள் போய்த் திரும்பிவிடும். 1960களின் கடைசியில் அமெரிக்காவில் ஏட்ரியன் கான்ட்ரோவிட்ஸ் என்ற அறுவை மருத்துவர் முதன்முதலாக மனிதர்களுக்குப் போட்டுப் பார்த்த கருவி இது. இன்றைக்கும் நம் ஊர்ப் பக்கம் இதயத்துக்குத் துணைக்கருவி என்றால் பெரும்பாலும் இதுதான்.

இந்தக் கருவிக்கு எல்லாமே இடம்தான். பலூனின் மேல் நுனி, இடது கைக்கு ரத்தம் பிரிகிற கிளைக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கீழே இருக்கவேண்டும். கீழ் முனை, சிறுநீரகங்களுக்குப் பிரியும் கிளைகளுக்கு மேலேயே நின்றுவிடவேண்டும். மேலே ஏறினால் இடது கையில் நாடி குறையும். கீழே இறங்கினால் ஒவ்வொரு துடிப்புக்கும் உப்பி உப்பிச் சிறுநீரகத்தின் வாசலையே மறைக்கும். குடலுக்குப் போகும் குழாயையும் மறைக்கலாம். உயரம் குறைவானவர்களுக்குச் சின்ன பலூன் போடவேண்டும் என்பதும் இதனால்தான், குள்ளமான உடம்பில் மகாதமனியும் நீளம் குறைவு. என் அப்பா ஐந்தடி இரண்டங்குலம். அவருக்கு எந்த அளவு பலூன் போட்டார்கள் என்று ஆஸ்பத்திரி கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் இல்லை.

மறுநாள் ராத்திரி கையிருப்புத் தீர்ந்தது. முதல் ஆஸ்பத்திரியிலேயே ஒரு நல்ல மனிதர் போன் போட்டுப் பேசி, இன்னொரு ஆஸ்பத்திரியில் படுக்கை வாங்கிக் கொடுத்தார். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். நான் முன்சீட்டில். பின்னால் அப்பா "மூச்சு முட்டுது, எழுப்பி உட்கார வை பாப்பா" என்று கேட்டுக்கொண்டே வந்தார். குழாய் போட்ட வலது காலை மடக்கப் பார்த்தார், டெக்னீஷியன் பையன் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தான். காலை நீட்டி வைக்க ஒரு பட்டை கூட அந்த வண்டியில் இல்லை. போய்ச் சேர்ந்து, ஸ்ட்ரெச்சரிலிருந்து படுக்கைக்கு மாற்றும்போது நாலு பேர் பெட்ஷீட்டோடு தூக்கினார்கள். குழாய் ஸ்ட்ரெச்சர் கம்பியில் மாட்டி இழுபட்டது. "லைனு, லைனு, லைனப் பாரு" என்று ஒருவர் கத்தினார். அது கதவுக்கு வெளியே நின்ற எனக்கும் கேட்டது. அப்போது மணி பத்தரை இருக்கும்.

அதன்பிறகு எக்ஸ்ரே எடுத்தது மறுநாள் காலையில்.

நடுவில் ஒரு ராத்திரி முழுக்க இருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் உள்ளே விட்டார்கள். எனக்கு மானிட்டரில் ஓடும் கோடு புரியாது. புரிந்த ஒரே பொருள் கட்டிலுக்குக் கீழே தொங்கிய யூரின் பை, அதில் கோடு போட்டு எண் எழுதியிருக்கும். ஒரு மணிக்குப் போனபோது ஐம்பதுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. மூன்று மணிக்கும் அங்கேயே. ஐந்து மணிக்கும் அங்கேயே. நிறம் மட்டும் கெட்டித் தேநீர் மாதிரி ஆகியிருந்தது. சிஸ்டரிடம் சொன்னேன். "பிரஷர் கம்மியா இருந்தா அப்படித்தான் இருக்கும், டாக்டர்கிட்ட சொல்றேன்" என்றார். பாவம், அந்த ஒரு சிஸ்டருக்கு ஐந்து படுக்கை. அப்பாவின் வலது பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஐஸ் பெட்டியில் கைவிட்ட மாதிரி இருந்தது. இடது பாதம் வெதுவெதுப்பாக இருந்தது.

காலையில் ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற இளைய டாக்டரிடம், "ரொம்பக் கீழே இறங்கியிருக்கே" என்று சொன்னதை என் காதால் கேட்டேன். அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. சரி செய்தார்கள், மறுநாள் எடுத்தே விட்டார்கள். மூன்று முறை டயாலிசிஸ், பதினேழாம் நாள் வீடு. வலது காலில் இரண்டு விரல்கள் கறுத்து, பிறகு எடுக்கவேண்டி வந்தது.

வீட்டுக்குக் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி நாலு பக்கம். ஸ்டென்ட் பற்றி அரைப்பக்கம். பலூன் பற்றி, "ஐஏபிபி துணை அளிக்கப்பட்டது, பின்னர் நீக்கப்பட்டது." ஐஏபிபி என்றால் அந்தப் பலூன் பம்ப்தான். சிறுநீரகத்தைப் பற்றி, தற்காலிகப் பாதிப்பு, தேறிவருகிறது. கீழே இறங்கியது பற்றி ஒரு எழுத்து இல்லை.

இதன் விலை என்ன என்று கேட்டால், அடுத்த இரண்டு வருடத்தையும் சொல்லவேண்டும். வலது பாதம் தூக்க வரவில்லை. நடக்கும்போது முன்பாதம் தரையில் தேய்ந்து செருப்பு கழன்றுவிடும். ராத்திரியில் கால் எரியும், குத்தும். பக்கத்துத் தெரு கிளினிக்கில் வலி ஊசி போட்டார்கள். டைக்ளோஃபெனாக். வாரம் ஒன்று, சில வாரம் இரண்டு, அப்புறம் மாத்திரை. அந்த டாக்டர் மேல் எனக்குக் கோபமே இல்லை, நான் சம்மரியைக் கொண்டுபோய்க் காட்டினேன், அவரும் படித்தார், தேறிவருகிறது என்றுதானே போட்டிருந்தது? ரத்த ஓட்டம் நின்று அடிபட்ட சிறுநீரகத்துக்கு அந்த ஊசி ஆகாது என்று அவருக்கு எந்தக் காகிதம் சொல்லும்? சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் பார்க்கும் கிரியேட்டினின் ஏறினால் சிறுநீரகம் கெடுகிறது என்று அர்த்தம். வீட்டுக்கு வரும்போது 1.9 இருந்தது ஒன்றரை வருடத்தில் 3.4 ஆனது. பார்த்த டாக்டர்கள் எல்லாரும் முதலில் கேட்டது, "சுகர் எத்தனை வருஷமா?" அப்பாவுக்குச் சுகரே கிடையாது. இல்லை என்று சொன்னால் நம்பாமல் மறுபடி டெஸ்ட் எழுதினார்கள். மூன்று இடத்தில் மூன்று முறை.

காலைப் பற்றிச் சரியான கேள்வியை முதலில் கேட்டது ஒரு பெரிய டாக்டர் இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்த பிசியோதெரபி தங்கைதான். அப்பாவின் பாதத்தைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, பெருவிரலைப் பிடித்து மேலே கீழே அசைத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, ஆஸ்பத்திரியில எந்தக் கால் வழியா குழாய் போட்டாங்க? எத்தனை நாள் இருந்துச்சு?" என்றாள். அந்தக் கேள்விதான் என்னை உலுக்கியது. தொடையில் குழாய் இருந்த நாட்களில் காலுக்கு ரத்தம் குறைந்தால் நரம்பு வாடிவிடும், பாதம் தொங்கிவிடும் என்று அவள்தான் சொன்னாள்.

அதன்பிறகுதான் இரண்டாவது ஆஸ்பத்திரியில் கேஸ் ஷீட்டை, அதாவது உள்ளே இருந்த நாட்களில் எழுதிய முழுப் பதிவை, கேட்கப் போனேன். "சம்மரிதான் தருவோம், ஷீட் எல்லாம் தர மாட்டோம்" என்றார்கள். என் கடைக்கு வரும் ஒரு வக்கீல் அண்ணன் சொல்லிக் கொடுத்தார். 2002-ஆம் வருட இந்திய மருத்துவக் கவுன்சில் நெறிமுறை விதிகளில் இருக்கிறதாம். நோயாளி தரப்பு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைத் தரவேண்டும். சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று வருடம் அவற்றை வைத்திருக்கவும் வேண்டும். விதி எண்ணைப் போட்டு மனு எழுதிக் கொடுத்தேன், கிடைத்தது. மூன்று வருடம் தாண்டியிருந்தால் அதுவும் கிடைத்திருக்காது, கணக்குப் பார்த்தால் பத்து மாதம்தான் பாக்கி இருந்தது.

நூற்று நாற்பது பக்கம். என் கடை மெஷினில் நானே ஒவ்வொன்றாக நகல் எடுத்தேன். செவிலியர் சார்ட்டில், சிறுநீர் பத்தியில், பதினொரு மணிக்கு 25, பன்னிரண்டு மணிக்கு 15, ஒரு மணிக்கு 5, அதன்பிறகு ஏழு கட்டங்களில் ஏழு பூஜ்யம். அறுபது கிலோ ஆளுக்கு மணிக்கு முப்பது மில்லியாவது இறங்கவேண்டும், கிலோவுக்கு அரை மில்லி என்பது உங்கள் கணக்குதான். காலை எட்டு நாற்பதுக்கு, சாய்ந்த கையெழுத்தில், "ஐஏபிபி ரீபொசிஷன்டு", பலூனை இடம் மாற்றி வைத்தோம் என்று. இரண்டே சொல். ஒவ்வொரு பூஜ்யத்தையும் மறைக்காமல் எழுதி வைத்தது அந்த ராத்திரி என்னிடம் பேசிய அதே சிஸ்டர்தான். அவருக்கு நான் நன்றி சொல்லவேண்டும். அவர் எழுதியது சம்மரி வரைக்கும் வந்து சேரவில்லை என்பதுதான் என் புகார்.

அந்தப் பக்கத்தைக் கொண்டுபோய்ச் சிறுநீரக மருத்துவர் ஒருவரிடம் காட்டினேன். இருபது நிமிடம் உட்கார்ந்து படித்தார். "இத முதல்லயே பார்த்திருந்தா அந்த வலி ஊசி ஒண்ணு கூடப் போட விட்டிருக்க மாட்டேம்மா" என்றார். ஊசியை நிறுத்தி, நரம்பு வலிக்கு வேறு மாத்திரை, அளவு குறைத்து. பாதம் தொங்காமல் தாங்கிப் பிடிக்க ஒரு ஸ்பிளின்ட். கிரியேட்டினின் ஏறுவது நின்றது. இறங்கவில்லை, நின்றிருக்கிறது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். எல்லாப் பழியும் பலூன் மேல் இல்லை. மாரடைப்பில் பிரஷர் விழுந்தாலே சிறுநீரகம் வாடும், ஆஞ்சியோவுக்குப் போடும் சாயமருந்தும் கெடுக்கும். எதனால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது என்று அந்த மருத்துவரே சொன்னார். எனக்குப் பழி சுமத்த ஆள் வேண்டாம். அடுத்து பார்க்கிற மருத்துவர் எடைபோட்டுப் பார்க்க ஒரு தகவல் வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம். 2012-இல் ஜெர்மனியில் 600 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. மாரடைப்பில் பிரஷர் விழுந்தவர்களுக்குப் பலூன் பம்ப் போட்டாலும் போடாவிட்டாலும் முப்பது நாள் உயிர்பிழைப்பில் வித்தியாசம் தெரியவில்லை. அதன்பிறகு ஐரோப்பிய வழிகாட்டுதல்கள், எல்லாருக்கும் வழக்கமாகப் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டன. நம் ஊரில் போடாதீர்கள் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. இதயத்தின் சுவர் கிழிந்தவர்களுக்கு, வால்வு அறுந்தவர்களுக்கு, அறுவை சிகிச்சை வரைக்கும் தாங்கிப் பிடிக்க இது உதவுகிறது என்றும் படித்தேன். விலையும் மற்ற கருவிகளைவிடக் குறைவு. ஆனால் ஒன்று கேட்கிறேன், பலன் இவ்வளவுதான் என்று தெரிந்தும் போடுகிறோம் என்றால், போட்டபிறகு காவல் இருப்பது கூடுதலாக இருக்கவேண்டாமா?

மருத்துவர்களிடம் நான் கேட்பது இது. ஸ்டென்ட் வைக்கும் கேத் லேபிலிருந்து ஐசியூவுக்கு, ஐசியூவிலிருந்து ஆம்புலன்ஸுக்கு, ஸ்ட்ரெச்சரிலிருந்து படுக்கைக்கு, எப்போது மாற்றினாலும் உடனே ஒரு எக்ஸ்ரே எடுங்கள், ராத்திரி மணி எதுவானாலும். சம்மரியில் பலூனுக்கு என்று ஒரு பத்தி ஒதுக்குங்கள். எந்தக் கால், என்ன அளவு, எந்த நாள் எந்த மணிக்குப் போட்டது, எப்போது எடுத்தது, நடுவில் நகர்ந்ததா, நகர்ந்தால் எவ்வளவு நேரம், அப்போது சிறுநீர் எப்படி, இடது கை நாடி எப்படி, பாதம் எப்படி. நகர்ந்தது என்று எழுதினால் கேஸ் போடுவார்களோ என்று நீங்கள் பயப்படுவது எனக்குப் புரிகிறது. என் கடைக்கு வந்த ஃபைல்களை வைத்துச் சொல்கிறேன், தவறு நடந்ததைச் சொன்னதற்காகக் கோர்ட்டுக்குப் போனவர்களைவிட, சொல்லாமல் விட்டார்களே என்ற ஆத்திரத்தில் போனவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அப்புறம், பலூன் போட்டு வீடு போகிறவர்களுக்கு இதயத்துக்கு மட்டும் மறுபார்வை தேதி போடாதீர்கள். ஒரு மாதத்திலும் மூன்று மாதத்திலும் கிரியேட்டினின் பாருங்கள், செருப்பைக் கழற்றச் சொல்லி இரண்டு பாதத்தையும் தொட்டுப் பாருங்கள்.

செவிலியர்களிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை, நீங்கள் எழுதத்தான் செய்கிறீர்கள். இரண்டு மணி நேரம் தொடர்ந்து பூஜ்யம் எழுதினால், டாக்டரைத் தூக்கத்திலிருந்து எழுப்பத் தயங்காதீர்கள், அப்படி எழுப்பியதற்காக உங்களை யாரும் திட்டக்கூடாது என்று நிர்வாகம் எழுத்தில் தரட்டும்.

இரண்டு சுகாதாரத் துறைகளுக்கும் ஒரு வேண்டுகோள். கன்னியக்கோயில் பக்கம் எல்லை மாறுகிறது, நோயாளி மாறுவதில்லை. இந்த ரோட்டில் ராத்திரி பகலாக இதய நோயாளிகள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். நோயாளியை ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது நிரப்ப, இரண்டு பக்கமும் ஒரே மாதிரியான ஒற்றைப் பக்கப் படிவம் ஒன்று வேண்டும், தமிழிலும் இருக்கவேண்டும். உடம்பில் ஓடிக்கொண்டிருக்கும் கருவி என்ன, அதன் நுனி எந்த இடத்தில் இருந்தபோது வண்டி ஏறியது, இறங்கியபின் எந்த இடத்தில் இருக்கிறது, யார் பார்த்தார்கள், கையெழுத்து. கருவியோடு நோயாளியை ஏற்றும் ஆம்புலன்ஸில் காலை நீட்டிக் கட்ட ஒரு பட்டை. அதற்குப் பெரிய செலவு ஆகாது.

மருத்துவக் கருவிகளால் வரும் பாதிப்பைப் பதிவு செய்ய 2015 ஜூலையிலிருந்து மத்திய அரசின் திட்டம் ஒன்று இருக்கிறது. காஜியாபாத்தில் இருக்கும் இந்திய மருந்தியல் ஆணையம் நடத்துகிறது. மருத்துவர்தான் என்று இல்லை, செவிலியரும் நோயாளி வீட்டாருமே கூடத் தெரிவிக்கலாம், 1800-180-3024 என்ற இலவச எண் இருக்கிறது. கருவி பழுதானால்தான் என்று இல்லை, நகர்ந்து பாதிப்பு வந்தாலும் அது பதிவாகவேண்டிய விஷயம்தான். நான் படிவம் நிரப்பி அனுப்பிவிட்டேன். கருவியின் அளவு, தொகுப்பு எண் என்று கேட்ட கட்டங்களை வெறுமையாக விடவேண்டி வந்தது. ஐசியூ வாசலில், வருகை நேரம் எழுதி ஒட்டியிருக்கும் பலகைக்குப் பக்கத்தில் இந்த எண்ணையும் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

அப்பா இப்போது துறைமுகத்துக்குப் போவதில்லை. ஈரத் தரையில் அந்தப் பாதத்தோடு நிற்க முடியாது. தினமும் ஒன்றேகால் லிட்டர் தண்ணீர், உப்பு குறைவு. கருவாடு அறவே கிடையாது, முதுநகரில் பிறந்த மனிதருக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று உங்களுக்கே தெரியும். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து ஸ்பிளின்ட்டின் வார்ப்பட்டையை அவிழ்த்து, காலைத் தடவிக் கொடுத்துக்கொண்டே, "அன்னிக்கு நான் காலை மடக்கினதாலயா பாப்பா இப்படி ஆச்சு?" என்று என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறார். இல்லப்பா, படுக்கை மாத்தும்போது இழுபட்டதுதான் என்று சொல்வேன். நம்புவதில்லை. நான் எதைக் காட்டி நம்பவைப்பது?

அவருடைய ஃபைலின் முதல் பக்கமாக ஒரு தாளை நானே டைப் செய்து வைத்திருக்கிறேன். என்ன கருவி, எந்தத் தேதி, எத்தனை மணி நேரம் கீழே இறங்கி நின்றது, அந்தப் பத்து மணி நேரச் சிறுநீர்க் கணக்கு, போடக்கூடாத ஊசிகளின் பெயர். போகிற இடமெல்லாம் முதலில் அதைத்தான் நீட்டுகிறேன். சில டாக்டர்கள் படிக்கிறார்கள், சிலர் "இத யார் எழுதினது?" என்று கேட்டுவிட்டு அடுத்த பக்கம் புரட்டுகிறார்கள். தாளின் அடியில், சிகிச்சை அளித்த மருத்துவர் என்று போட்டு, கையெழுத்துக்கு ஒரு கோடு விட்டிருக்கிறேன். வரும் புதன்கிழமை அதே ஆஸ்பத்திரிக்கு இதயப் பரிசோதனைக்கு வருகிறோம். அந்தத் தாளையும் கொண்டுவருவேன்.

இப்படிக்கு,
கடலூரிலிருந்து ஒரு மகள்